ரிப்போர்ட் கார்டில் சதவீதம் தேடாதீர்கள்: இன்டர்நேஷனல் ஸ்கூல் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்டர்நேஷனல் ஸ்கூலில் பிள்ளை ஆறாம் வகுப்பைத் தாண்டியதும் வருகிற ரிப்போர்ட் கார்டைக் கையில் வாங்கியவுடன் பெரும்பாலான பெற்றோர் செய்கிற முதல் வேலை, அதிலுள்ள எண்ணைச் சதவீதமாக மாற்றிப் பார்ப்பது. 7-க்கு 5 வாங்கியிருக்கிறதா, அப்படியென்றால் 71 சதவீதம், போச்சு. இந்தக் கணக்கே தப்பு. ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) என்ற சர்வதேசக் கல்வி அமைப்பின் எம்ஒய்பி, அதாவது 11 முதல் 16 வயது வரைக்கான 5 ஆண்டுப் படிப்பில், ஒவ்வொரு பாடத்துக்கும் ஏ, பி, சி, டி என்று 4 அளவுகோல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 8, எல்லாம் சேர்ந்தால் 32. அந்தக் கூட்டுத்தொகை 28-ஐத் தொட்டால் 7, 24 முதல் 27 வரை 6, 19 முதல் 23 வரை 5. ஆக 19 எடுத்த பிள்ளைக்கும் 5-தான், 23 எடுத்த பிள்ளைக்கும் 5-தான். ஆனால் 23-இல் இருப்பவர் இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் 6 ஆகிவிடும், 19-இல் இருப்பவர் ஒன்று குறைந்தால் 4-க்கு இறங்கிவிடும். கடைசி எண்ணை மட்டும் பார்த்தால் இது எதுவும் தெரியாது, அதற்கு மேலே இருக்கிற அந்த 4 எண்களைப் பாருங்கள்.

கணக்குப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஏ என்பது பாடத்தைத் தெரிந்து வைத்திருப்பது. பி என்பது எண்களிலோ வடிவங்களிலோ இருக்கிற ஒழுங்கைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு விதியாகச் சொல்வது. எப்படிப் போட்டோம் என்பதைப் படிக்கிறவருக்குப் புரியும்படி எழுதிக் காட்டுவது சி, நிஜ வாழ்க்கைச் சிக்கலுக்குக் கணக்கைப் பயன்படுத்திவிட்டு வந்த விடை அங்கே பொருந்துகிறதா என்று யோசிப்பது டி. ஒரு பிள்ளை ஏ-யில் 7, பி-யில் 4, சி-யில் 4, டி-யில் 5 எடுத்தால் மொத்தம் 20, கிரேடு 5. உடனே ‘கணக்கில் வீக்’ என்று முடிவு கட்டி டியூஷன் சேர்த்துவிடுகிறார்கள். அங்கே என்ன நடக்கும், இன்னும் கட்டுக்கட்டாகக் கணக்கு போட வைப்பார்கள், அது தூக்கிவிடுவது ஏ-யைத்தான், அதுவோ ஏற்கெனவே 7-இல் இருக்கிறது. அந்தப் பிள்ளை மனதிலேயே விடையைப் போட்டுவிட்டு இரண்டு வரியில் எழுதி முடிக்கிற ரகம், அதற்குத் தேவை வழிமுறையை விரித்து எழுதுகிற பழக்கம். பணம் கட்டுவதற்கு முன் ஆசிரியரிடம் ‘எந்த அளவுகோலில் குறைகிறது, அடுத்த நிலைக்கான விவரிப்பில் என்ன கேட்டிருக்கிறார்கள்’ என்று கேளுங்கள், பாதி டியூஷன் தேவையே இல்லை என்று தெரிந்துவிடும்.

அப்புறம் சராசரி. ஒரே அளவுகோலில் ஆண்டு முழுக்க 3, 4, 6, 6 என்று வந்திருந்தால் சராசரி 5-க்கும் கீழேதான் வரும், ஆனால் எம்ஒய்பி ஆசிரியர் இறுதியில் 6 போடலாம், ஏனென்றால் அங்கே சராசரி எடுப்பதில்லை, பிள்ளை இப்போது எந்த நிலையில் நிலையாக நிற்கிறது என்று பார்க்கிறார்கள். இதே விதி எதிர்ப்பக்கமும் வெட்டும். முதல் டெர்மில் நன்றாக எடுத்தாகிவிட்டது, இனி கொஞ்சம் தளர்ந்தாலும் சராசரி காப்பாற்றும் என்று நினைக்கிற பிள்ளையை அது காப்பாற்றாது. ஜிபிஏ (எல்லாப் பாட கிரேடுகளின் சராசரிப் புள்ளி) போடுகிற அமெரிக்கப் பாணிப் பள்ளிகளில் கதை வேறு. அங்கே 9 முதல் 12 வரை நான்கு ஆண்டு மதிப்பெண்களும் டிரான்ஸ்கிரிப்ட் என்கிற அதிகாரப்பூர்வ மதிப்பெண் பட்டியலில் ஏறும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அதைக் கேட்கும், ‘ஒன்பதாவதுதானே, பத்தாவதில் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிற பேச்சு அங்கே எடுபடாது. உங்கள் பள்ளி எந்தப் பக்கம் என்பதை மற்ற பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள், சத்தியமாகத் தப்பான பதில்தான் கிடைக்கும். ஐபி பள்ளிகள் மதிப்பீட்டுக் கொள்கையை எழுத்தில் வைத்திருந்தே ஆக வேண்டும், மற்ற பள்ளிகளிலும் பெரும்பாலும் இருக்கும், கேட்டு வாங்கி ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். வேலையைத் தாமதமாக ஒப்படைத்தால் என்ன, திரும்ப எழுத வாய்ப்பு உண்டா, நடத்தைக்குத் தனி கிரேடா எல்லாம் அதில்தான் இருக்கும்.

ஒரு முறையின் எண்ணை இன்னொரு முறையோடு ஒப்பிடுவதும் அடிக்கடி நடக்கிறது. ஐபி-யில் 7-க்கு மேல் எதுவும் இல்லை. பிரிட்டன் பாணியில் பத்தாம் வகுப்பு அளவில் எழுதுகிற, 9 முதல் 1 வரை போடுகிற இன்டர்நேஷனல் ஜிசிஎஸ்இ-யில் (ஐஜிசிஎஸ்இ) 7 என்பது பழைய ஏ கிரேடின் கீழ் எல்லை, அதற்கு மேலே 8-உம் 9-உம் இருக்கின்றன. அமெரிக்கப் பள்ளிகளில் கல்லூரி அளவில் எழுதுகிற ஏபி தேர்வில் 5-தான் உச்சம். அண்ணன் மகன் 7, நம் பிள்ளை 5 என்று சாப்பாட்டு நேரத்தில் ஒப்பிட்டுப் பேசுவதில் ஒரு அர்த்தமும் இல்லை.

கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ எடுக்கும் வீடுகளில் நான் பார்க்கிற பெரிய சறுக்கல், கோர் (அடிப்படைத் தாள்), எக்ஸ்டெண்டட் (விரிவான தாள்) இரண்டில் எதை எடுப்பது என்கிற முடிவு. கணக்கு போன்ற பாடங்களில் கோர் தாள் எழுதினால் எவ்வளவு பிரமாதமாக எழுதினாலும் அதிகபட்சம் சி-தான் (9 முதல் 1 முறையென்றால் 5). ‘கோர் சுலபம், ஏ வாங்கிவிடலாம்’ என்று நினைத்துக் கையெழுத்துப் போட்ட பெற்றோர் இருக்கிறார்கள், அங்கே ஏ என்பதே கிடையாது. உண்மையில் தடுமாறுகிற பிள்ளைக்கு கோர் நல்ல முடிவுதான், ஆனால் அந்த உச்சவரம்பு தெரிந்து எடுக்க வேண்டும். அறிவியலிலும் இப்படி ஒன்று உண்டு: கம்பைண்ட் சயின்ஸ் ஒரு பாடமாகக் கணக்காகும், கோஆர்டினேட்டட் சயின்சஸ் இரண்டாக. பின்னால் ஏ லெவலில் (11, 12-ஆம் வகுப்பு அளவிலான பிரிட்டன் பாணிப் படிப்பு) இயற்பியலோ வேதியியலோ எடுக்க ஆசைப்படுகிற பிள்ளைக்கு கம்பைண்ட் கொடுத்தால் 11-ஆம் வகுப்பில் மூச்சு வாங்கும். 90 எடுத்தால் ஏ ஸ்டார் என்று மனப்பாடமாக வைத்திருப்பதையும் விட்டுவிடுங்கள், கிரேடு எல்லைகளை ஒவ்வொரு தேர்வுப் பருவத்துக்கும் தனியாகத்தான் முடிவு செய்கிறார்கள்.

11, 12-ஆம் வகுப்புக்கான ஐபி டிப்ளமோவுக்கு (டிபி) வருவோம், இங்கேதான் தப்புக்கு விலை அதிகம். 6 பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 7, அதோடு நீண்ட கட்டுரையும் டிஓகே-யும் (அறிவைப் பற்றி யோசிக்க வைக்கிற பாடம்) சேர்ந்து அதிகபட்சம் 3 புள்ளி, மொத்தம் 45. பாஸ் செய்ய 24 என்பது எல்லோருக்கும் தெரியும். 24 மட்டும் போதாது என்பதுதான் பலருக்குத் தெரியாது. ஆழமாகப் படிக்கிற ஹையர் லெவல் பாடங்கள் மூன்றிலும் சேர்த்து 12, மற்ற மூன்றான ஸ்டாண்டர்டு லெவலில் 9 வர வேண்டும். எந்தப் பாடத்திலும் 1 வரக்கூடாது. கட்டுரையிலோ டிஓகே-யிலோ கடைசி கிரேடான ஈ வந்தால் டிப்ளமோ இல்லை, சிஏஎஸ் (படைப்பாற்றல், உடற்செயல்பாடு, சேவை) முடிக்காவிட்டாலும் இல்லை. ஒரு பிள்ளை ஹையரில் 4, 4, 3, ஸ்டாண்டர்டில் 6, 5, 5, கட்டுரை-டிஓகே புள்ளியில் 2 எடுத்தால் மொத்தம் 29. பார்க்கத் தாராளமாக இருக்கிறது. ஆனால் ஹையர் கூட்டுத்தொகை 11, டிப்ளமோ கிடையாது. ஹையர் லெவலுக்கு ஐபி பரிந்துரைப்பது 240 மணி நேரம், ஸ்டாண்டர்டுக்கு 150. கௌரவத்துக்காக நான்காவதாக ஒரு ஹையர் பாடத்தைத் தலையில் ஏற்றுவது எனக்கு எப்போதுமே புரிந்ததில்லை, 45-இல் அதற்கென்று கூடுதல் புள்ளி ஒன்றும் கிடையாது.

கணக்கில் இரண்டு வழிகள் இருக்கின்றன, அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ், அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரடேஷன். இரண்டாவது சுலபமானது என்று கேள்விப்பட்டு அதில் ஸ்டாண்டர்டு லெவல் எடுத்துவிட்டு, ஒரு வருடம் கழித்துப் பொறியியல் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போனால், முதல் வழியின் ஹையர் லெவல்தான் வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் எழுதியிருக்கும். பாடத்தேர்வுப் படிவத்தை நிரப்புவதற்கு முன், பிள்ளை நினைக்கிற படிப்புக்கு மூன்று நான்கு பல்கலைக்கழகங்களின் சேர்க்கைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இதைத் தள்ளிப்போட்டால் திருத்த வழி மிகக் குறைவு, டிபி இரண்டு ஆண்டுகளாகப் பின்னப்பட்ட படிப்பு, நடுவில் பாடம் மாற்றுவதும் சிரமம், இரண்டாம் ஆண்டில் பள்ளி மாற்றுவது அதைவிடச் சிரமம். ஏ லெவலில் முதல் வருட முடிவில் ஏஎஸ் என்ற பாதி வழித் தேர்வை எழுதியிருந்தால் அதன் சான்றிதழாவது கையில் மிஞ்சும், டிபி-யில் அப்படிப் பாதி வழிச் சான்றிதழ் எதுவும் கிடையாது.

பிள்ளை செய்து கொடுக்க, பள்ளி ஆசிரியரே மதிப்பெண் போடுகிற வேலைக்கு இன்டர்னல் அசெஸ்மென்ட் என்ற பெயரைப் பார்த்து ‘ஸ்கூலுக்குள்ளதானே’ என்று அலட்சியமாக விடுவது இன்னொன்று. கணக்கிலும் இயற்பியல், வேதியியல், உயிரியலிலும் அது இறுதி கிரேடில் 20 சதவீதம். ஆசிரியர் போட்ட மதிப்பெண்ணை ஐபி மாதிரிகளை வாங்கிச் சரிபார்த்து ஏற்றவோ இறக்கவோ செய்யும். ஏஐ எழுதிக் கொடுத்ததைத் தன்னுடையது என்று வைத்தால் கல்வி நேர்மை மீறல், அந்தப் பாடத்துக்கு கிரேடே வராமல் போகலாம், ஒரு பாடத்தில் கிரேடு இல்லையென்றால் டிப்ளமோவும் இல்லை. வேலைக்குப் போகிற பெற்றோர் பாசத்தில் உட்கார்ந்து திருத்தி எழுதிக் கொடுப்பதும் இதே கணக்கில்தான் வரும்.

பிரெடிக்டட் கிரேடுக்காக, அதாவது இறுதியில் என்ன வரும் என்று பள்ளி போடுகிற கணிப்புக்காக, ஆசிரியரைத் துரத்துகிறவர்களுக்கு ஒன்று. பிரிட்டனில் யுசிஏஎஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பிக்கும்போது அந்தக் கணிப்பை வைத்துத்தான் நிபந்தனையோடு இடம் தருவார்கள். பிள்ளையின் கையில் 34 இருக்க, கெஞ்சி 39 என்று எழுத வைத்தால், கிடைக்கிற இடமும் 38 வேண்டும் என்று கேட்கும். ரிசல்ட் வரும் நாளில் 35 வந்தால், 35-க்கே இடம் தந்திருக்கக்கூடிய நல்ல பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்காமல் விட்டது அப்போதுதான் உறைக்கும். கணிப்பு 11-ஆம் வகுப்பு இறுதித் தேர்வையும் பிள்ளையின் தொடர் வேலையையும் வைத்துத்தான் பெரும்பாலும் வருகிறது, பேசுவதென்றால் அந்தத் தேர்வுக்கு முன்பே பேசுங்கள்.

ரிசல்ட் பிடிக்கவில்லையென்றால் மறுமதிப்பீடு கேட்கலாம், ஆனால் ஐபி-யில் கிரேடு ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும், அதனால்தான் மாணவரின் ஒப்புதலைக் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் பள்ளி ஒருங்கிணைப்பாளரிடம் மேல் கிரேடுக்கு எத்தனை மார்க் குறைகிறது, கீழ் கிரேடுக்கு எத்தனை மார்க் இடைவெளி என்று இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.