உள்ளரங்க 60 மீட்டர்: பிளாக்கிலிருந்து மெத்தைச் சுவர் வரை

உலக உள்ளரங்கத் தடகளப் போட்டியில் 100 மீட்டர் ஓட்டம் கிடையாது. அரங்கின் நடுவே நேராகப் போட்ட பாதையில் 60 மீட்டர்தான். உலக சாதனை 6.34 வினாடி, 2018-இல் அமெரிக்காவின் கிறிஸ்டியன் கோல்மன் ஓடியது. 100 மீட்டரில் சுமாராகக் கிளம்பியவர்கூடக் கடைசி 40 மீட்டரில் எட்டிப் பிடித்துவிடலாம். இங்கே அந்த 40 மீட்டரே இல்லை. அதனால் பயிற்சியில் பெரும்பங்கு பிளாக்குக்கே, அதாவது காலை உதைத்துக் கிளம்பும் கட்டைக்கே, போகட்டும்.

பிளாக்கில் பாதம் பதியும் பலகைதான் பெடல். முன் பெடல் தொடக்கக் கோட்டிலிருந்து உங்கள் பாத அளவில் ஏறத்தாழ இரண்டு, பின் பெடல் மூன்று. இதை ஆரம்ப அளவாக வைத்துக்கொண்டு விரல் விரலாக நகர்த்திப் பாருங்கள். ‘செட்’ என்றதும் இடுப்பைத் தூக்கி அசையாமல் நிற்கும் நிலையில் முன்கால் முழங்கால் 90 பாகை அளவிலும், பின்கால் 120 முதல் 130 வரையிலும், இடுப்பு தோளைவிடச் சற்று உயர்ந்தும் இருக்க வேண்டும். பின்கால் கிட்டத்தட்ட நீண்டுவிட்டால் உதைக்க மிச்சம் இருக்காது. இடுப்பு ரொம்ப ஏறினால் எடை முழுக்கக் கையில் விழுந்து முதல் அடியிலேயே தடுமாறும்.

பிளாக் போட்டி நடத்துபவர்களுடையது. பெடலின் சாய்வு, துளைகளின் இடைவெளி எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். துளை எண்ணை மனப்பாடம் செய்யாமல் பாத அளவையே நம்புங்கள். பொருத்தியதும் பெடலை ஓங்கி மிதித்து அசைகிறதா என்று பார்த்து, 15 மீட்டருக்கு ஒரு முறை கிளம்பிப் பார்த்துவிடுங்கள்.

துப்பாக்கிச் சத்தத்துக்குப் பின் 0.100 வினாடிக்குள் அசைந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட்; ஒரே தவறில் வெளியே. துப்பாக்கியை ஊகித்துக் கிளம்பி மிஞ்சுவது 0.02 வினாடி, போவது போட்டியே. கட்டுபடியாகாத பேரம்.

முதல் அடி குட்டையாக, பாதம் இடுப்புக்குப் பின்னால் விழும்படி இருக்கட்டும். எதிரே யார் முந்துகிறார் என்று தலையைத் தூக்கினால் உடம்பும் சேர்ந்து நிமிரும். பாதம் இடுப்புக்கு முன்னால் விழுந்து பிரேக் போடும். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான், முடிவுக் கோட்டில் அல்ல. 20 முதல் 30 மீட்டருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நிமிருங்கள். பிறகு தாடையும் தோளும் இறுகாமல் இருந்தாலே போதும்.

கோட்டில் கணக்கில் வருவது மார்புதான். தலையும் கையும் அல்ல. கடைசி அடியில் மட்டும் சாயுங்கள். இரண்டு மூன்று மீட்டர் முன்பே சாய்ந்தால் வேகம் குறையும். 2022 பெல்கிரேடு உலக உள்ளரங்கப் போட்டியின் இறுதியில் இத்தாலியின் மார்செல் ஜேக்கப்ஸ், கோல்மன் இருவருக்கும் 6.41, தங்கத்தைப் பிரித்தது 0.003 வினாடி.

ஸ்பைக் ஷூவின் ஆணிகளை 6 மி.மீ. நீளத்தில் வைத்துக்கொள்வது நல்லது, 9 மி.மீ. ஆணியை எல்லா அரங்கிலும் விடமாட்டார்கள். ஹீட் (முதல் சுற்று), அரையிறுதி, இறுதி மூன்றும் ஒரே நாளில் வரக்கூடும். ஓட்டத்துக்கு முன் வீரர்களைக் காத்திருக்க வைக்கும் அறையில் (call room) உட்காரவைத்தால் கால் ஆறிவிடும். நின்றபடி கணுக்காலில் துள்ளிக்கொண்டே இருங்கள்.

கோட்டைத் தாண்டியதும் நிற்க அதிக இடம் இருக்காது, எதிரே மெத்தைச் சுவர். பழக்கமில்லாதவர்கள் 55-ஆவது மீட்டரிலேயே தங்களை அறியாமல் வேகத்தைக் குறைப்பார்கள். வார்ம்-அப்பில் இரண்டு தடவையாவது வேகமாகப் போய், கைகளை முன்னால் நீட்டி, தோளைத் திருப்பி மெத்தையில் மோதிப் பழகுங்கள். மணிக்கட்டை விறைப்பாக வைத்து மோதினால் சுளுக்கிக்கொள்ளும்; முழங்கை மடங்கட்டும்.