பிரிந்த பிறகும் விடாத ஹவுசிங் லோன்: நான் செய்த தவறை நீங்களும் செய்யாதீர்கள்

போன வாரம் ஒரு பெண் வந்திருந்தார். கணவரைப் பிரிகிறவர். கையில், இருவர் பெயரிலும் உள்ள வீட்டில் தன் பங்கை அவருக்கே விட்டுக்கொடுப்பதாக முத்திரைத்தாளில் அடித்த விடுதலைப் பத்திரம். "திங்கட்கிழமை ரெஜிஸ்ட்ரேஷன் மேடம். அப்படியே லோன்ல இருந்து என் பேரையும் எடுத்துடணும், எத்தனை நாள் ஆகும்?" என்றார். வீடு இன்றைக்கு என்ன விலைக்குப் போகும், பேங்க் பாக்கி எவ்வளவு என்று கேட்டேன். பாக்கிதான் அதிகம். பத்திரத்தை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தேன். 2016இல் இதே மாதிரி ஒன்றில் கையெழுத்துப் போட்டவள் நான். இப்போது வீட்டுக்கடன் ஆலோசனைதான் என் பிழைப்பு.

ஈஎம்ஐயை நிறுத்தாதீர்கள், பேங்க்கில் இருந்து போன் வந்தால் எடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

வாங்கிய விலையை வைத்துக் கணக்குப் போடுவது

சென்னை ஓஎம்ஆரில் எங்கள் ஃபிளாட், 2013இல் கார் பார்க்கிங் எல்லாம் சேர்த்து 55 லட்சம். இருவர் பெயரிலும் லோன் 44 லட்சம், 20 வருடம், வட்டி 10.25%. மாதம் 43,200 ரூபாய். மூன்று வருடத்தில் பதினைந்தரை லட்சம் கட்டியிருந்தோம். அசலில் குறைந்தது இரண்டரை லட்சம்கூட இல்லை. ஆரம்ப வருடங்களில் கட்டுவதெல்லாம் வட்டிக்கே போய்விடும். பாக்கி 41.65 லட்சம்.

2015 டிசம்பர் வெள்ளம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வந்து பார்த்தவர் ஒரே ஒருவர், 38 லட்சத்துக்குக் கேட்டார். "பதினைந்து லட்சம் கட்டியிருக்கிறோமே, அதில் பாதி என்னுடையது" என்று நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பங்கு போட அங்கே ஒன்றுமில்லை. இருந்தது பாக்கிக்கும் விலைக்கும் நடுவில் மூன்றரை லட்சத்துக்கு மேல் பள்ளம்தான். பேங்க்கில் பாக்கிக் கடிதம் வாங்கி, அக்கம்பக்கத்தில் உண்மையில் கைமாறிய விலையை விசாரித்துவிட்டு அப்புறம் பேச உட்காருங்கள்.

வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுக் கடனில் மட்டும் நிற்பது

இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருவது இதில்தான்.

பரஸ்பர சம்மத விவாகரத்து. வீடு கணவருக்கு, ஈஎம்ஐயும் அவரே கட்டுவார் என்று பேசி முடித்தோம். தீர்ப்பிலும் அப்படியே ஏறியது. தீர்ப்பு வருவதற்கு முன்பே பத்திரத்தை முடித்துவிடச் சொன்னார்கள், காரணமும் இருந்தது. குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1%தான், அதற்கும் அப்போது 25,000 ரூபாய் உச்சவரம்பு. விவாகரத்து ஆகிவிட்டால் அவர் என் குடும்பம் இல்லையே! அந்தக் காசை மிச்சம் பிடிக்க ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டேன்.

லோனில் இருந்து பெயரை எடுப்பது பற்றி யாரும் பேசவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. பிறகு கேட்டபோது கிளையில் சொன்னது இதுதான்: பெயரை எடுப்பதென்றால் அவர் ஒருவர் சம்பளத்தை வைத்துப் புது லோன் மாதிரி பார்ப்போம். 38 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு, ரிசர்வ் வங்கி விதிப்படி கிடைப்பது அதிகபட்சம் 30 லட்சம் சொச்சம். மீதி பதினோரு லட்சத்துக்கு மேல் அவர் கையில் இருந்து வைக்க வேண்டும். எங்கே போவார்?

தீர்ப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். மேனேஜர் மரியாதையாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதுல நாங்க பார்ட்டி இல்லையேம்மா." கடன் ஒப்பந்தத்தில் இரண்டு பேரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. உங்களுக்குள் என்ன பேசிக்கொண்டீர்கள் என்பது பேங்க்குக்குத் தேவையில்லை.

இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டினார். அப்புறம் வேலை போனது. பேங்க் எஸ்எம்எஸ் எல்லாம் முதல் விண்ணப்பதாரரான அவர் நம்பருக்கு. எனக்குத் தெரிந்தது 2019இல், ஒரு சின்ன கார் லோனுக்குப் போனபோது. கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்பதற்குப் போடும் மதிப்பெண்ணான சிபில் ஸ்கோர் 611. தவணை தாண்டிய நாட்கள் காட்டும் கட்டங்களில் 30, 61, 89. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் 90 தாண்டி வாராக்கடன்.

ஏழு மாதம் நான் கட்டினேன், மூன்று லட்சத்துக்கு மேல். என் பெயரில் இல்லாத வீட்டுக்கு! விற்கச் சொல்ல உரிமை இல்லை, வாடகைக்கு விட உரிமை இல்லை. உரிமையாளர் இல்லை என்பதால் கட்டிய வட்டிக்கு வருமான வரிச் சலுகைகூட இல்லை. தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டு நிறைவேற்று மனு போட்டேன். பாதிப் பணம் வந்தது, மீதி வாய்தாவில் நிற்கிறது.

அதனால் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வது: பேங்க் உங்களை விடுவித்ததாக எழுத்தில் கொடுக்கும் நாளில்தான் விடுதலைப் பத்திரம். அதுவரை வீட்டில் உங்கள் பாதி அப்படியே இருக்கட்டும், அந்தக் கையெழுத்து ஒன்றுதான் உங்களிடம் இருக்கும் பிடி. முத்திரைத் தீர்வை கூடினால் கூடட்டும். கோர்ட்டில் கொடுக்கும் சமரச மனுவில் ஒரு தேதி போடுங்கள். அதற்குள் லோனைத் தன் பெயருக்கு மாற்றாவிட்டால் வீட்டை விற்க வேண்டும், பள்ளத்தில் யார் பங்கு எவ்வளவு என்பதையும் ரூபாயில் எழுதுங்கள். லோன் கணக்கில் உங்கள் மொபைல் நம்பரையும் ஏற்றுங்கள். ஒரு கடிதம் கொடுத்தால் முடிகிற வேலை. நான் மூன்று வருடம் செய்யவில்லை.

"என் பாதியை நான் கட்டிவிட்டேன்"

பாதி ஈஎம்ஐ கட்டினாலும் இருவரும் பாக்கிதாரர்தான்.

சாவியைக் கொடுத்தால் தீர்ந்தது என்று நம்புவது

தீராது. 90 நாள் தாண்டினால் வாராக்கடன். கோர்ட்டில் வழக்குப் போடாமலே அடமானத்தை எடுக்க பேங்க்குக்கு அதிகாரம் தரும் சர்ஃபேசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ், பிறகு வீட்டைக் கையகப்படுத்தி ஏலம். ஏலத்தில் குறைந்த விலைக்குப் போனால் மிச்சப் பாக்கி மறுபடி உங்கள் இருவர் தலையில்தான்.

ஒன் டைம் செட்டில்மென்ட்

பாக்கியில் ஒரு பகுதியை பேங்க் விட்டுக்கொடுக்க, மீதியைக் கட்டிக் கணக்கை முடிப்பது. கடைசி வழி. சிபிலில் 'செட்டில்டு' என்று விழும், அடுத்த லோன்காரர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

பள்ளத்தை நிரப்பாமல் வீட்டை வாங்க ஆள் பிடிப்பது

அட்வான்ஸ் வாங்கிவிட்டுத்தான் பலருக்கு இது உறைக்கிறது: முழுப் பாக்கியும் அடையாமல் பேங்க் மூலப்பத்திரத்தைத் தராது. வாங்குபவர் தருவது 38 லட்சம் என்றால் மீதியை நீங்கள் முன்கூட்டியே கையில் வைத்திருக்க வேண்டும். அவசரமில்லை என்றால் வாடகைக்கு விட்டு, வாடகையை லோன் கணக்குக்கே போகும்படி செய்து, முடிந்தபோதெல்லாம் அசலில் கட்டுங்கள். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. இதற்காக பெர்சனல் லோன் மட்டும் வேண்டாம். பீரோவில் நகை இருந்தால் அதை முதலில் பாருங்கள்.

அந்தப் பெண் திங்கட்கிழமை பதிவுக்குப் போகவில்லை. மாமியார் வீட்டில் கோபம் என்று கேள்விப்பட்டேன். பத்திரம் இன்னும் என் டிராயரில்தான் இருக்கிறது.