வெண்டைக்காய் அச்சு: விரலில் ஈரம் பிடிக்காத பிள்ளைக்கு

என் அக்கா மகனுக்கு வயது 16. ஆட்டிசம் உண்டு, பேச்சு குறைவு. விரலில் ஈரம் பட்டால் உடனே சட்டையில் துடைத்துவிடுவான். கையை வண்ணத்தில் முக்கித் தாளில் பதிக்கும் வழக்கமான பயிற்சி அவனுக்கு ஆகாது. வெண்டைக்காய் அச்சு ஒத்துவந்தது.

இதைச் சிகிச்சை என்று சொல்லமாட்டேன். கலைச் சிகிச்சை என்ற பெயரை 1942இல் வைத்தவர் அட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். காசநோயிலிருந்து தேறிவந்தபோது, வரைவது தனக்கு உதவுவதைக் கண்டவர். இன்று அது முறையாகப் பயின்றவர்கள் செய்யும் வேலை. நாம் வீட்டில் செய்வது விளையாட்டு.

சமையலுக்கு ஆகாத முற்றிய வெண்டைக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். காம்பிலிருந்து மூன்று விரல் தள்ளி, குறுக்கே ஒரே வெட்டு. காம்புதான் கைப்பிடி, வெட்டிய முகத்தில் பூ தெரியும். கொழகொழப்பைத் துணியால் ஒற்றி, அரை மணி நேரம் உலரவிடுங்கள். இந்தப் படியைத் தாண்டினால், பிசுபிசுப்பு கையில் பட்டதும் அன்றைய வேலை முடிந்தது.

சார்ட் தாளின் நான்கு மூலைகளையும் மேசையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சைத் தட்டில் வைத்து, நச்சில்லாத போஸ்டர் கலரை அதன்மேல் ஊற்றுங்கள். ஒரே நிறம் போதும். அதைப் பிள்ளையே எடுக்கட்டும். தொடு, அழுத்து, எடு, முடிந்தது என்று நான்கு படங்களைக் கையால் வரைந்து எதிரில் வையுங்கள்.

இப்போது உங்கள் தாளில் ஒரு பூ அச்சிட்டுக் காட்டிவிட்டுச் சும்மா இருங்கள். பெரியவர்களுக்கு இதுதான் கஷ்டம். முதல் நாள் நான் பொறுமையிழந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன். தட்டு தரையில் கிடந்தது. இரண்டு வாரம் அந்த மேசைப் பக்கமே அவன் வரவில்லை.

மறுபடி வந்தபோது, தாளின் இடது ஓரத்தில் மட்டும் எறும்புச் சாரைபோல மேலிருந்து கீழாகப் பூக்களை அடுக்கினான். நடுவே வெள்ளையாகக் கிடந்த இடத்தைக் காட்டி ‘இங்கேயும் வை’ என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

தொடக்கத்தில் பத்து நிமிடம் தாராளம். காதைப் பொத்தினாலோ எழுந்துபோனாலோ அத்தோடு நிறுத்துங்கள். ‘என்ன வரைந்தாய்?’ என்ற கேள்வி வேண்டாம். தாளின் பின்பக்கம் தேதி எழுதுங்கள். பிள்ளை விரும்பினால் மட்டும் சுவரில் ஒட்டுங்கள். வெட்டிய காய் மறுநாளைக்குத் தாங்காது, புதிதாக நறுக்கவேண்டும்.