எண்பதாவது கட்டத்தில் கர்சர் எங்கே நிற்கிறது?

தரமணி ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி போன வாரம் வந்து, "அண்ணா, நீளமா கமாண்ட் அடிச்சா கீழ் வரிக்குப் போகாம அதே வரி மேலயே எழுதுது" என்றான். டெர்மினலில், அதாவது கமாண்ட் அடிக்கும் ஜன்னலில், வேலை பார்க்கிற யாருக்கும் வரக்கூடியது இது.

முதலில் ப்ராம்ப்டை, அதாவது கமாண்ட் அடிக்கும் இடத்துக்கு முன்னால் வரும் எழுத்தைப் பாருங்கள். கலருக்காக, ப்ராம்ப்டை வைத்திருக்கும் பிஎஸ்1 மாறியில் போடும் எஸ்கேப் குறிகள் திரையில் இடம் பிடிக்காது, ஆனால் கமாண்டை வாங்கி ஓட்டும் ஷெல்லான பாஷ் அவற்றையும் எழுத்தாக எண்ணிவிடும், வரி எங்கே முடிகிறது என்ற கணக்கு அங்கேயே தப்பிவிடும். ஒவ்வொரு கலர் குறிக்கும் முன்னால் \[, பின்னால் \] போடுங்கள். தம்பி கலரை நிறுத்தும் கடைசிக் குறிக்கு மட்டும் போடாமல் விட்டிருந்தான், அவ்வளவுதான்.

சீரியல் கேபிள் வழியாக வேறு மெஷினில் நுழைந்திருந்தால் கதை வேறு. ஜன்னலின் அளவு அந்த வழியாக மறுமுனைக்குப் போகாது. 'எஸ்டிடிஒய் சைஸ்' அடித்துப் பாருங்கள், முதலில் வரிகள், அடுத்து அகலம் காட்டும். தப்பாக இருந்தால் 'எஸ்டிடிஒய் ரோஸ்', 'எஸ்டிடிஒய் கால்ஸ்' என்று அடித்து நீங்களே எண்ணைக் கொடுக்க வேண்டியதுதான்.

இதெல்லாம் சரியாக இருந்தும் திரை கலைகிறதா? அப்போது கடைசிக் கட்டத்தைச் சந்தேகப்படுங்கள். 1978-இல் வந்த விடி100 என்ற டெர்மினல் கருவியில் வரிக்கு 80 கட்டம், கட்டத்துக்கு ஒரு எழுத்து; 80-ஆவதில் எழுத்து விழுந்ததும் கர்சர் கீழே இறங்காமல் அங்கேயே நிற்கும், அடுத்த எழுத்து வந்தால்தான் இறங்கி அதை எழுதும். எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் புரோகிராமும் இப்படித்தான். டாஸ் காலத்தில் திரையைக் கவனித்த ஆன்சி.சிஸ் டிரைவர் அப்படியில்லை, எழுத்து விழுந்த உடனேயே இறங்கிவிடும். உங்களுடையது எந்த வகை என்று பார்க்க, 80 அகல ஜன்னலில் சரியாக 80 எக்ஸ், ஒரு நியூலைன், பிறகு ஒரு ஒய் அச்சிடுங்கள். நடுவில் காலி வரி விழுந்தால் உடனே இறங்கும் ரகம். ஒவ்வொரு டெர்மினலின் குணத்தையும் எழுதி வைத்திருக்கும் டெர்மின்ஃபோ பட்டியலில், கர்சர் ஓரத்தில் காத்து நிற்கும் என்பதைச் சொல்வது 'எக்ஸ்இஎன்எல்' என்ற கொடி. டெர்மினலின் பெயரைச் சொல்லும் 'டெர்ம்' மாறியில் தப்பான பெயர் இருந்தால் புரோகிராம் தப்பான கொடியை நம்பும்.

நீங்களே புரோகிராம் எழுதுகிறீர்கள் என்றால், ஓரத்தில் பேக்ஸ்பேஸை நம்பாதீர்கள். விடி100-இல் 80-ஆவது எழுத்தை எழுதிவிட்டுப் பின்னால் போனால் கர்சர் 79-இல் நிற்கும், முதல் கட்டத்தில் அழுத்தினால் மேல் வரிக்கு ஏறவே ஏறாது. வரி எண்ணும் கட்ட எண்ணும் கொடுத்து நேராக அனுப்புங்கள். நீளமான லாக் மடங்காமல் இருக்க 'டிபுட் ஆர்எம்ஏஎம்', திரும்ப மடங்க 'டிபுட் எஸ்எம்ஏஎம்'.

அப்புறம் நம் தமிழ். பல டெர்மினல்களின் கணக்கில் 'கீ' ஒரு கட்டம், 'கி' இரண்டு கட்டம், ஏனென்றால் யூனிகோடில் அந்த ஈகார, இகரக் குறிகள் இரண்டும் வேறு வேறு வகை. ஷெல் ஒரு மாதிரி எண்ணி டெர்மினல் வேறு மாதிரி வரைந்தால் கர்சர் எழுத்துக்கு நடுவில் போய் நிற்கும், அதனால் ப்ராம்ப்டில் மட்டும் தமிழ் வேண்டாம் என்பேன்.