மதிப்பீட்டு மென்பொருள் வாங்கும் முன் விடுதிக் காப்பாளரைக் கூப்பிடுங்கள்

மாணவர் சேவைப் பிரிவுக்கு மதிப்பீட்டு மென்பொருள் வேண்டும் என்று சொன்னதும் பாதிப் பேருக்குத் தேர்வும் மார்க்கும்தான் நினைவுக்கு வருகின்றன. எங்கள் கொள்முதல் அலுவலகமும் அப்படித்தான் புரிந்துகொண்டது. ஆன்லைன் தேர்வு நடத்தும் நான்கு நிறுவனங்களிடம் விலை கேட்டு அனுப்பிவிட்டார்கள். அதைத் திருத்தவே ஒரு மாதம் போய்விட்டது. அதனால் எதற்கும் முன்னால், என்ன வாங்கப் போகிறோம் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி எல்லோர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.

விடுதி, ஆலோசனை மையம், வேலைவாய்ப்பு மையம், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவிப் பிரிவு, மாணவர் சங்கங்கள், புது மாணவர் அறிமுக நிகழ்ச்சி, இத்தனையும் சேர்ந்ததுதான் எங்கள் பிரிவு. நாங்கள் செய்த வேலையால் மாணவருக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்பதைத்தான் இங்கே மதிப்பீடு என்கிறோம். நான் 11 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இரண்டு முறை மென்பொருள் தேர்ந்தெடுத்திருக்கிறேன். முதலில் வாங்கியதை மூன்றாவது வருடம் யாரும் திறக்கவே இல்லை. இரண்டாவது இன்றும் ஓடுகிறது. கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டது.

முதலில், வாங்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். இரண்டு மூன்று அலுவலகங்கள்தான், வருடத்துக்கு ஒரு அறிக்கைதான் என்றால் ஒரு சர்வே கருவியும் எக்செல்லும் பொதுவான ஒரு ஃபோல்டரும் போதும். அலுவலகங்கள் பத்தைத் தாண்டி, ஆள் மாறும்போதெல்லாம் போன வருடக் கோப்பு காணாமல் போகிறது என்றால்தான் மென்பொருளுக்குத் தேவை வருகிறது.

வாங்குவது என்று முடிவானால், டெமோவுக்கு யாரையும் கூப்பிடும் முன் உங்களுடைய பழைய வேலை ஒன்றை எடுத்து வையுங்கள். நான் எடுத்தது விடுதியில் மாணவ உதவியாளர்களுக்குக் கொடுத்த பயிற்சி. மனம் உடைந்து வரும் மாணவரை ஆலோசனை மையத்தில் சேர்க்கும் படிகளை அவர்கள் வரிசையாகச் செய்துகாட்ட வேண்டும், இதுதான் இலக்கு. 38 பேரை நடித்துக்காட்டச் சொல்லி, நான்கு நிலை ரூப்ரிக் (ஒவ்வொரு நிலைக்கும் என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்லும் மதிப்பீட்டு அட்டவணை) வைத்து இரண்டு மேற்பார்வையாளர்கள் மதிப்பிட்டார்கள். பணியில் இருக்கும் அதிகாரிக்குத் தகவல் சொல்ல வேண்டிய மூன்றாவது படியை 17 பேர் விட்டுவிட்டார்கள். மறு வருடப் பயிற்சியில் அந்தப் படிக்கு மட்டும் 20 நிமிடம் கூட்டினோம்.

இலக்கு, ரூப்ரிக், முடிவு, அதை வைத்து எடுத்த நடவடிக்கை, மறு வருடம் வந்த முடிவு. இந்த ஐந்தும் ஒரே கயிற்றில் கோத்தது போல ஒரு இடத்தில் தெரிய வேண்டும். விற்பவர்கள் கொண்டுவரும் மாதிரி டேட்டாவில் எல்லா மென்பொருளும் அழகாகத்தான் இருக்கும். நாங்கள் இந்த விடுதிப் பயிற்சியை ஒரு வாரம் முன்னதாகவே அனுப்பி, “டெமோவில் இதைத்தான் பார்க்க வேண்டும்” என்று சொல்லிவிட்டோம். வந்த ஐந்து பேரில் இரண்டு பேரால்தான் நான்காவது கண்ணி வரை போக முடிந்தது. மற்றவை சர்வே எடுக்கும், வண்ண வரைபடம் போடும், அதோடு நின்றுவிடும். எடுத்த நடவடிக்கையைப் பதிவு செய்ய இடம் இல்லாத மென்பொருளை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

அப்புறம், யார் கையில் கொடுத்துப் பார்ப்பது? என்னைப் போன்ற மதிப்பீட்டு ஒருங்கிணைப்பாளர் எந்த மென்பொருளையும் இரண்டு நாளில் பழகிவிடுவார். வருடத்துக்கு இரண்டே முறை லாகின் செய்பவரை உட்கார வையுங்கள். நாங்கள் ஒரு விடுதிக் காப்பாளர் அம்மாவை உட்கார வைத்தோம். அன்று காலை அவர் தண்ணீர்க் குழாய்ப் பிரச்சினை ஒன்றைத் தீர்த்துவிட்டு நேராக வந்திருந்தார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு, வாயைத் திறக்காமல் இருப்பது என்று முடிவு செய்துகொண்டேன். ஒரே ஒரு இலக்கைப் பதிய வேண்டும், அவ்வளவுதான். திரையில் கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டங்கள் 11 இருந்தன. முதல் மூன்றை நிரப்பினார். நான்காவது கட்டத்தில் ‘மூலோபாயக் கருப்பொருள்’ என்று இருந்தது. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்து, “இதுல நான் என்ன எழுதணும் மேடம்?” என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடமே ஒழுங்கான பதில் இல்லை. அந்த மென்பொருளை அன்றைக்கே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். கட்டங்களை நாமே குறைக்கலாமா, பெயரை மாற்றலாமா, அதற்கு விற்பவருக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா என்று கேட்கத் தோன்றியதே அவரால்தான்.

இன்னொரு சோதனையையும் கட்டாயம் செய்யுங்கள். உள்ளே போட்ட டேட்டாவை வெளியே எடுத்துப் பாருங்கள். முதல் மென்பொருளை விட்டு வந்தபோது எங்கள் 3 வருட சர்வேக்களைக் கேட்டோம். கோப்பு வந்தது. திறந்தால் 1, 2, 3, 4, 5 என்று வெறும் எண்கள். கேள்விகள் ‘கே7’, ‘கே8’ என்று சுருங்கியிருந்தன. ஒரு சர்வேயில் 1 என்றால் மிக நன்று, இன்னொன்றில் 5 என்றால் மிக நன்று என்று நாங்களே மாற்றி மாற்றி வைத்திருந்தோம். எது எது என்று சொல்லும் குறிப்பு கோப்பில் எங்கும் இல்லை. அலமாரியில் கிடந்த பழைய அச்சுப் பிரதிகளை வைத்துச் சிலவற்றை மீட்டோம். ஒரு வருடத்து அறிமுக நிகழ்ச்சி சர்வே முழுதாகப் போய்விட்டது. 900க்கும் மேற்பட்ட மாணவர்கள் நேரம் ஒதுக்கி எழுதிக் கொடுத்தது அது. இன்னும் மனதில் உறுத்துகிறது.

அதனால் சோதனைக் காலத்திலேயே 20 பதில்களோடு ஒரு சர்வே போட்டு, அதை இறக்கி எக்செல்லில் திறந்து பாருங்கள். கேள்வி முழு வாசகத்தோடு வருகிறதா, பதில் எண்ணாகவும் சொல்லாகவும் வருகிறதா, இணைப்புக் கோப்புகள் கூடவே வருகின்றனவா, மாணவர் தன் மொழியில் எழுதிய கருத்து வெறும் கட்டங்களாகச் சிதையாமல் வருகிறதா என்று சரிபாருங்கள். சர்வே மட்டும் வந்தால் போதாது, நாம் எழுதிய அறிக்கைகளும் வெளியே வர வேண்டும்.

இந்த எச்சரிக்கை வீண் பயம் என்று நினைக்காதீர்கள். இந்தத் துறையில் நிறுவனங்கள் அடிக்கடி கைமாறுகின்றன. டாஸ்க்ஸ்ட்ரீம், டிகே20, லைவ்டெக்ஸ்ட் மூன்றும் 2017இல் ஒன்றாகி வாட்டர்மார்க் ஆயின. ஸ்டூடண்ட்வாய்ஸ் என்று தொடங்கி கேம்பஸ் லேப்ஸ் ஆன நிறுவனம் 2020இல் வேறு இரண்டோடு சேர்ந்து ஆந்தாலஜி ஆனது. மறு வருடமே ஆன்லைன் வகுப்பு மென்பொருள் நிறுவனமான பிளாக்போர்டோடு இணைந்தது. கைமாறுவதில் தவறில்லை. ஆனால் நீங்கள் வாங்கிய மென்பொருள் புதிய முதலாளியின் பட்டியலில் இருக்குமா என்பது உங்கள் கையில் இல்லை. ஒப்பந்தம் முடிந்தபின் எத்தனை நாளுக்குள், எந்த வடிவத்தில் டேட்டா திரும்பி வரும், அவர்கள் சர்வரிலிருந்து எப்போது அழிக்கப்படும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மாணவர் எண்ணோடு இணைப்பது பெரிய பலம். நிகழ்ச்சிக்கு வந்தவர்களின் அடையாள அட்டையை ஸ்கேன் செய்தால், வந்தவர்கள் எந்த வருடம், எந்தத் துறை, வராதவர்கள் யார் என்று மாணவர் பதிவேட்டு அமைப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எங்கள் வேலைவாய்ப்பு மையத்துக்கு முதலாண்டு மாணவர்கள் கிட்டத்தட்ட வருவதே இல்லை என்று எங்களுக்குத் தெரிந்தது அப்படித்தான். ஆனால் எல்லாவற்றையும் இணைக்கக் கூடாது. ஆலோசனை மையத்துக்கு யார் வந்தார் என்ற பதிவு இந்த மென்பொருளுக்குள் நுழையவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அங்கிருந்து மொத்த எண்ணிக்கை மட்டும் வந்தால் போதும். அதிலும் ஒரு குழுவில் மூன்று பேர்தான் என்றால் பெயர் இல்லாமலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். குறைந்தது இத்தனை பேர் இருந்தால்தான் அறிக்கையில் காட்டு என்று நாம் வரம்பு வைக்க வழி இருக்கிறதா பாருங்கள். மாணவர் பதிவுகளைப் பாதுகாக்க அமெரிக்காவில் 1974இலிருந்து ஃபெர்பா சட்டம் இருக்கிறது, தனிநபர் தகவல்களைப் பாதுகாக்க ஐரோப்பாவில் 2018இலிருந்து ஜிடிபிஆர் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் எதுவோ, அதை உங்கள் சட்ட அலுவலகத்தோடு உட்கார்ந்து பாருங்கள். பாதுகாப்புக் கேள்விகளைப் புதிதாக எழுத வேண்டியதில்லை. உயர்கல்வி நிறுவனங்களுக்காகவே உருவான ஹெக்வாட் என்ற கேள்வித்தாள் இலவசமாகக் கிடைக்கிறது. விற்பவரிடம் நிரப்பிய பிரதியைக் கேளுங்கள்.

பல்கலைக்கழக லாகினாலேயே உள்ளே போகும் ஒற்றை லாகின் வேண்டும், இதற்கென்று தனிப் பாஸ்வேர்டு என்றால் ஒருவரும் வரமாட்டார்கள். மாணவர் நிரப்பும் சர்வேயை மவுஸைத் தொடாமல் டேப் விசையால் மட்டும் முடிக்க முடிகிறதா என்று நீங்களே பாருங்கள். திரைவாசிப்பான் பயன்படுத்தும் மாணவர் ஒருவர் சம்மதித்தால் அவரையும் முயலச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையப் பக்கங்களை அமைப்பதற்கான டபிள்யூகேக் 2.1 தரத்துக்கு ஏற்றது என்று சான்றிதழ் காட்டினாலும் இதைச் செய்யுங்கள். உயர்கல்வியில் மாணவர் சேவைகளுக்கென்று காஸ் அமைப்பு வகுத்த தரநிலைகளைப் பின்பற்றிச் சுயமதிப்பீடு செய்பவர்கள், அந்தக் கேள்விகளை உள்ளே ஏற்ற முடியுமா என்றும் கேட்டுவிட வேண்டும்.

விலை மாணவர் எண்ணிக்கைப்படியா, பயன்படுத்துவோர் எண்ணிக்கைப்படியா என்று பாருங்கள். பயன்படுத்துவோர் எண்ணிக்கைப்படி கணக்கு என்றால், காசுக்குப் பயந்து லாகின்களைக் குறைப்போம், கடைசியில் ஒருவரே எல்லோருக்காகவும் டைப் செய்துகொண்டிருப்பார். அதைவிடப் பெரிய செலவு ஆள். இந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்ள ஒருவருடைய வேலை நேரத்தில் கால்பங்காவது ஒதுக்காமல் வாங்காதீர்கள். எங்கள் முதல் மென்பொருள் படுத்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

விற்பவர் தரும் மூன்று பல்கலைக்கழகப் பெயர்களோடு நிற்காமல், அதை விட்டு வந்த ஒரு பல்கலைக்கழகத்தையும் தேடிப் பிடித்துப் பேசுங்கள். “பிடித்திருக்கிறதா?” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். “போன வாரம் உங்களில் எத்தனை பேர் உள்ளே போனீர்கள்?” என்று கேளுங்கள்.

வாங்கிய பிறகு எல்லா அலுவலகங்களையும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். நாங்கள் விடுதி, வேலைவாய்ப்பு மையம், அறிமுக நிகழ்ச்சி மூன்றோடு தொடங்கினோம். முதல் வருடம் ஒவ்வொன்றுக்கும் இரண்டே இலக்குகள். பயிற்சி வகுப்பை நான் எடுக்கவில்லை, அந்தக் காப்பாளர் அம்மாதான் எடுத்தார். கட்டாயக் கட்டங்கள் இப்போது நான்கு. ‘மூலோபாயக் கருப்பொருள்’ இருந்த இடத்தில் ‘இதை ஏன் செய்கிறீர்கள்?’ என்று எழுதியிருக்கிறோம்.