ரத்தம் ஏற்றிய பிறகு டெஸ்ட்: நேரத்தில் நடக்கும் தவறுகள்

ஹவுஸ் சர்ஜன்கள் ஒவ்வொரு பேட்ச்சாக வார்டுக்கு வருகிறார்கள். ரத்தம் ஏற்றியவர்களுக்குச் சாம்பிள் எடுப்பதில் அதே தவறுகளும் கூடவே வருகின்றன. பெயர் மாற்றி ஒட்டுவது, டியூபைப் பாதி நிரப்புவது எல்லாம் யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நேரம் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை. லேபில் இருப்பவள் என்பதால் நான் சொல்கிறேன்.

ஹீமோகுளோபினுக்கு 24 மணி நேரம் காத்திருப்பது

தேவையில்லை. ரத்தப்போக்கு இல்லாதவருக்கு, யூனிட் ஏறி முடிந்து 15 நிமிடத்தில் எடுத்தாலே மறுநாள் வரும் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு யூனிட்டுக்குச் சுமார் 1 கிராம் ஏறும். ஒன்று ஏற்றி, பார்த்து, அப்புறம் அடுத்ததை முடிவு செய்யுங்கள்.

டிரிப் ஓடும் கையிலேயே எடுப்பது

மறு கையில் எடுங்கள்.

ஏற்றி முடித்துவிட்டுக் காரணம் தேடுவது

இதை மட்டும் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஹீமோகுளோபின் 5 என்று வந்ததும் பதற்றத்தில் கிராஸ் மேட்சுக்கு (தானம் வந்த ரத்தம் நோயாளிக்குச் சேருமா என்று பார்க்கும் டெஸ்ட்) மட்டும் ரத்தம் எடுப்பார்கள். மறுநாள் ரவுண்ட்ஸில் சீஃப் "அனீமியா எதனால?" என்று கேட்ட பிறகுதான் ஸ்மியர் (அணுக்களை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது), அயர்ன், எச்.பி.எல்.சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டுவது) எல்லாம் லேபுக்கு வரும். அதற்குள் டியூபில் இருப்பது ஒருவருடைய ரத்தம் அல்ல. நோயாளியின் வெளிறிய சிறு அணுக்களோடு தானம் தந்தவரின் நல்ல அணுக்களும் கலந்திருக்கும். எம்.சி.வி (சிவப்பணுவின் சராசரி அளவு) இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ரெட்டிக் (இளம் சிவப்பணு) சதவீதம் இறங்கும். சீரம் அயர்ன் பொய்யாக உயர்ந்து காட்டலாம்.

நீலகிரி மலைக்கிராமத்துப் பழங்குடிக் குழந்தை ஒன்று எங்களிடம் வந்தது. அங்குள்ள பழங்குடி மக்களிடையே சிக்கிள் செல் நோய் (சிவப்பணுக்கள் அரிவாள் வடிவமாகும் பரம்பரை நோய்) உண்டு. வேறோர் ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்து இரண்டு முறை ரத்தம் ஏற்றிய பிறகு எச்.பி.எல்.சி அனுப்பியிருக்கிறார்கள், ஃபார்மில் ரத்தம் ஏற்றியது பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஹீமோகுளோபின் ஏ (இயல்பானது) பாதிக்கு மேல், எஸ் (சிக்கிள் வகை) அதைவிடக் குறைவு. பார்த்தால் அச்சு அசல் கேரியர், அதாவது ஒரு சிக்கிள் ஜீன் மட்டும் உள்ள, நோயில்லாதவர். அப்படியே ரிப்போர்ட் போயிருக்கிறது. நோய் இல்லை என்று நம்பியதால் தொற்றைத் தடுக்கும் பென்சிலினும் தொடங்கவில்லை, வலி வருவதைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியாவும் தொடங்கவில்லை. குழந்தை எலும்பு வலியில் துடித்துக்கொண்டு வந்தபோதும் அம்மா அந்தக் காகிதத்தைக் காட்டி "ஒண்ணுமில்லன்னு சொன்னாங்களே" என்றார். தாய், தகப்பன் இருவருக்கும் பார்த்தோம்; இருவருமே கேரியர். ஜீன் டெஸ்ட்தான் குழந்தைக்கு எஸ்.எஸ் (இரண்டு ஜீனும் சிக்கிள், அதாவது நோயே) என்று உறுதி செய்தது. எஸ் எல்லாம் குழந்தையுடையது, ஏ எல்லாம் தானம் தந்தவர்களுடையது.

இதைத் தடுக்க ஆகும் செலவு இரண்டு டியூப். கிராஸ் மேட்சுக்குக் குத்தும் அதே ஊசியில் ஒரு இ.டி.டி.ஏ டியூப் (ரத்தம் உறையாமல் காப்பது), ஒரு பிளெயின் டியூப் (சீரத்துக்கு) கூடுதலாக எடுத்து லேபுக்கு அனுப்புங்கள். ஸ்மியரை உடனே போட்டு, சீரத்தைப் பிரித்துக் குளிரில் வைத்துவிடுவோம். என்ன டெஸ்ட் என்பதை நாளைக்குக்கூட யோசிக்கலாம். ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது என்றால் தேதியையும் எத்தனை யூனிட் என்பதையும் ஃபார்மில் எழுதுங்கள். எச்.பி.எல்.சி, ஜி6பிடி (சிவப்பணுவில் உள்ள ஒரு என்சைமைப் பார்ப்பது) இரண்டுக்கும் சுமார் மூன்று மாதம் பொறுக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் வரை. அவசரம் என்றால் பெற்றோரைப் பாருங்கள், ஜீன் டெஸ்ட் கேளுங்கள்.

எச்.பி.ஏ.1.சி

சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இந்த டெஸ்ட்டுக்கும் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அதுவரை சர்க்கரை அளவை நேரடியாகப் பாருங்கள்.

பழைய சாம்பிளிலேயே அடுத்த கிராஸ் மேட்ச்

கடந்த மூன்று மாதத்தில் ரத்தம் ஏற்றியவர் என்றாலும் கர்ப்பமாக இருந்தவர் என்றாலும் சாம்பிள் மூன்று நாளுக்குத்தான் செல்லும். பிறர் ரத்த அணுக்களுக்கு எதிரான புதிய ஆன்டிபாடி அதற்குள் தலைகாட்டிவிடலாம்.

ஒரு வாரம் கழித்து வரும் மஞ்சளை வேறு எதற்கோ விடுவது

ரத்தம் ஏற்றிச் சில நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் ஹீமோகுளோபின் இறங்கி, கண் மஞ்சளாகி, லேசாகக் காய்ச்சலும் இருந்தால் மலேரியா, ஹெபடைடிஸ் டெஸ்ட்டோடு நின்றுவிடாதீர்கள். ஏற்றிய அணுக்கள் தாமதமாக உடைவதாக இருக்கலாம். டி.சி.டி (சிவப்பணு மேல் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது), ஆன்டிபாடி ஸ்கிரீன், அணுக்கள் உடைவதைக் காட்டும் பிலிருபின், எல்.டி.எச் அன்றைக்கே அனுப்பி, பிளட் பேங்குக்கும் போன் செய்துவிடுங்கள்.