இரண்டு பல்கலைக்கழகங்களிலும் இடம் கிடைத்தபின் செய்யக் கூடாதவை

கடைசித் தேதியைத் தவறவிடுவது, கடிதத்தில் பெயர் பிழையாக இருப்பதைக் கவனிக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் வீட்டில் யாராவது பார்த்துக்கொள்வார்கள். சேர்க்கை ஆலோசகரான என்னிடம் வரும் பிள்ளைகள் ஆண்டுதோறும் செய்கிற, ஒரு காலத்தில் நானே செய்த தவறுகள் வேறு வகை.

தரவரிசை எண்ணைப் பிடித்துத் தொங்குவது

ஒன்று 40-ஆம் இடம், மற்றொன்று 75-ஆம் இடம் என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். அந்த எண் எதை அளக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்த 2003-இல் தொடங்கிய ஷாங்காய் தரவரிசையில் மதிப்பெண்ணில் 30 சதவீதம், முன்னாள் மாணவர்களும் பேராசிரியர்களும் வாங்கிய நோபல் பரிசுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கும் போகிறது. க்யூஎஸ் என்ற இன்னொரு உலகத் தரவரிசைப் பட்டியலில் கல்வியாளர்களிடம் எடுக்கும் கருத்துக்கணிப்புக்கு 2023 பதிப்புவரை 40 சதவீதம். அடுத்த பதிப்பில் அது 30 ஆனது. இப்படிக் கணக்கு மாறும்போது இடமும் மாறும். வகுப்பறையில் ஒரு நாற்காலிகூட நகர்ந்திருக்காது.

முதலாண்டு உதவித்தொகையில் மயங்குவது

இதைப் பேசினால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. என்னிடமும் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்றில் பாதிக் கட்டணம் தள்ளுபடி, மற்றொன்றில் கால்வாசி. பாதி பெரிதா, கால் பெரிதா? ஐந்தே நிமிடத்தில் முடிவெடுத்தேன். இரண்டாம் ஆண்டில் முழுக் கட்டணத்தையும் கட்டச் சொல்லிச் சீட்டு வந்தது. அலுவலகத்துக்கு ஓடினேன். எழுத்தர் என் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி அடிக்குறிப்பில் விரலை வைத்தார்: தள்ளுபடி முதலாண்டுக்கு மட்டும். வாழ்த்தைக் கொட்டை எழுத்தில் அச்சடித்தவர்கள் அந்த வரியை எறும்பு அளவில் அச்சடித்திருந்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக் கட்டணம் 100 பங்கு, படிப்பு நான்கு ஆண்டு. முதலாண்டு மட்டும் பாதி என்றால் நாம் கட்டுவது 350. நான்கு ஆண்டும் கால்வாசி என்றால் 300. கட்டணம் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் 400 என்று நினைத்தது 431 ஆகும். சதவீதமாகத் தரும் உதவி அதோடு சேர்ந்து வளரும். குறிப்பிட்ட தொகையாகத் தருவது நின்ற இடத்திலேயே நிற்கும்.

எல்லா ஆண்டும் உண்டு என்று எழுதியிருந்தாலும் நிம்மதி வேண்டாம். எந்தச் சராசரி மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் உதவி நிற்கும்? ஒரு பருவம் சறுக்கினால் திரும்பக் கிடைக்குமா? ஒரு பாடத்தைக் கைவிட்டால் முழுநேர மாணவர் என்ற தகுதியும் போய்விடுமா? பள்ளியில் 95 வாங்கியவருக்கு 75 என்ற வரம்பு எளிதாகத் தெரியும். ஆனால் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டு மதிப்பெண் போடும் வகுப்பில் எல்லோரும் 95 வாங்கி வந்தவர்கள்தான். அவர்களிலும் பாதிப் பேர் பட்டியலின் கீழ்ப்பாதியில் இருந்தாக வேண்டும்.

கல்விக் கடனையும் ‘உதவி’ என்ற தலைப்பில் கூட்டிக் காட்டும் கடிதங்கள் உண்டு. அதை அடித்துவிட்டுக் கூட்டுங்கள்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி வந்தாள். “பாதித் தள்ளுபடி சார், யோசிக்கவே வேண்டாம்” என்றாள். இரண்டாம் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். அவள் அதை அச்செடுத்தே வரவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களிடம் விசாரிப்பது

அவர்களுக்கு எல்லாமே அழகு. மூன்றாம் ஆண்டில் இருப்பவரிடம், கேட்ட விருப்பப் பாடம் கிடைத்ததா என்று கேளுங்கள். கையேட்டில் இருக்கும் பாடமெல்லாம் ஆண்டுதோறும் நடப்பதில்லை.

நண்பன் சேர்கிறான் என்று சேர்வது

அவன் அடுத்த ஆண்டே துறை மாறுவான்.

இரண்டிலும் முன்பணம் கட்டிவைப்பது

பெரும்பாலும் திரும்ப வராது. சில இடங்களில் இது தெரிந்தால் இடமே போகும்.

வேண்டாத இடத்துக்குப் பதில் போடாமல் விடுவது

இரண்டு வரி போதும். காத்திருப்போர் பட்டியலில் யாரோ ஒருவர் தினமும் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.